பதுளைக் கடையின் முகவரி

எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் எனக்கென்று ஒரு தபால் பெட்டி இருக்கிறது. அதற்கு ஒரு குட்டிச் சாவி. கனடாவில் இந்த ஸ்காபரோவுக்கு வந்து நாலு வருடமாகியும் அந்தச் சாவியைத் திருப்பும்போது எனக்குக் கை கூசுகிறது. பிட்சாக் கடை விளம்பரம்கூட நேரே என்னிடமே வந்துவிடுகிறது. இதில் என்ன அதிசயம் என்று யாழ்ப்பாணத்து நண்பர்கள் சிரிப்பார்கள். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை அறைகளான லயத்தில் பிறந்தவன் சிரிக்கமாட்டான். எங்கள் கடிதங்களெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் போகும். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும்போது, கிளாக்கர் ஐயாவுக்கு மனம் வந்தால் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். மனம் வரும்வரை அவர் மேசையில் கிடக்கும்.

போன மாதம், வேலை தேட உதவும் நிலையத்தில் டயான் என்ற பெண்மணி என் ரெசுமேயைத் திருத்தினார். அப்பாவின் பெயர், அவருடைய தொழில், என் சமயம் எல்லாவற்றையும் சிவப்புப் பேனாவால் அடித்தார். ஊரில் இவை இல்லாத சுயவிபரக் கோவையை ஒருவரும் கையால் தொடமாட்டார்கள். “உங்கள் அப்பா என்ன செய்தார் என்பது யாருக்கும் வேண்டாம். நீங்கள் என்ன செய்தீர்கள், அதைச் சொல்லுங்கள்” என்றார். கவர் லெட்டரில் ஒரு சாதனையாவது வேண்டுமாம். “உங்கள் முதல் வேலை எப்படிக் கிடைத்தது?” என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அடக்கம் என்று நினைத்துவிட்டார். “வெட்கப்படாதீர்கள். இங்கே பெருமையாகவே சொல்லலாம்” என்று உற்சாகப்படுத்தினார் பாவம்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பண்டாரவளையில் ஒரு கம்பனிக்கு எழுத்து வேலைக்கு லிகிதர் ஒருவர் தேவை என்று பத்திரிகையில் வந்திருந்தது. எங்கள் லயத்தில் உயர்தரம் படித்தவர்கள் இரண்டே பேர்: நானும், சுவருக்கு அப்பால் அடுத்த காம்பராவில் இருந்த செல்வராணியும். பெறுபேறு அவளுக்குத்தான் நல்லது. எனக்கு இருந்ததெல்லாம் அழகான ஆங்கிலக் கையெழுத்து.

“அண்ணே, எனக்கும் சேத்து எழுதிக் குடுங்க” என்று வந்தாள். பாதி எழுதும்போது கேட்டாள்: “அட்ரஸ் என்னாண்ணே போடுறது? லயம்னு போட்டா ஒரு மாதிரியா இருக்காதா?”

“அதெல்லாம் பாக்கக் கூடாது. உள்ளத உள்ளபடிதான் எழுதணும்” என்றேன்.

என்னுடைய விண்ணப்பம் அன்று மத்தியானமே முடிந்துவிட்டிருந்தது. அதில் என் முகவரி, பதுளையில் தெரிந்தவர் ஒருவரின் துணிக்கடை. தந்தையின் தொழில்: வியாபாரம். நான் அதை எழுதிய நேரம் அப்பா கவ்வாத்துக் கத்தியோடு மலையில் தேயிலைச் செடி வெட்டிக்கொண்டிருந்தார். தோட்டத்து முகவரிக்கு வரும் கடிதம் ஆபீசில் கிடக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தது ஒரே ஒரு வேலை. அதனால் வாயைத் திறக்கவில்லை.

நேர்முகப் பரீட்சைக் கடிதம் எனக்குக் கடைக்கு நேரத்தோடு வந்தது. பசறையில் ஒரு சின்ன அலுவல் இருக்கிறது என்று அவளிடம் சொல்லிவிட்டு பண்டாரவளைக்குப் போய் வந்தேன். இரண்டு நாள் கழித்து, பெரட்டில் கிடைத்த உறையோடு அவள் வந்து நின்றாள்.

“முந்தாநாளே முடிஞ்சிருச்சுண்ணே. உங்களுக்கு முந்தியே வந்துச்சா?”

“ம்” என்றேன்.

“சரி விடுங்க, எனக்குக் குடுத்து வைக்கல. உங்களுக்காச்சும் கெடைக்கட்டும்.”

கிடைத்தது. அடுத்த மாதம் அவள் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்தெடுக்கப் போனாள். அந்த லிகிதர் வேலையின் அனுபவத்தைக் காட்டித்தான் கொழும்பில் வேலை எடுத்தேன், அதைக் காட்டித்தான் கனடாவுக்கு வந்தேன். என் ரெசுமேயின் கடைசி வரியில் இன்றைக்கும் அந்தக் கம்பனியின் பெயர் இருக்கிறது. வாசிக்கும்போதெல்லாம் என் மீதே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

இந்த வாரம் பெட்டியைத் திறந்தபோது மடுல்சீமை முத்திரையோடு ஒரு கடிதம். செல்வராணி கொழுந்தெடுத்துப் படிக்க வைத்த தங்கை புஷ்பா எழுதியிருந்தாள். கொழும்பில் ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கிறாள், முடிவுத் தேதிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, நான் பார்த்துத் திருத்த வேண்டுமாம். கீழே ஒரு வரி: “டவுன் அட்ரஸ் போடலாமான்னு அக்காகிட்ட கேட்டேன். உள்ளத உள்ளபடிதான் எழுதணும்னு அண்ணன் அப்பவே சொன்னாங்கன்னு சொல்லுச்சு.”

சமையலறை மேசையில் உட்கார்ந்து, அவள் கூடவே வைத்து அனுப்பியிருந்த விண்ணப்பத்தைத் திருத்தினேன். பதில் கடிதத்தில், முகவரிக்குப் பதுளைக் கடையைப் போடு, கடைக்காரருக்கு நான் எழுதுகிறேன் என்றேன். அடியில், இதை அக்காவுக்கு வாசித்துக் காட்டு என்று சொல்லி, அன்று நான் செய்தது முழுவதையும் எழுதினேன். மன்னிப்பு என்ற வார்த்தையை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் வெட்டினேன். கேட்கும் தகுதி எனக்கு வந்துவிட்டதாகத் தோன்றவில்லை.

உறையில் எழுதப் போனபோது கை தானாகவே கடை முகவரியைத் தேடியது. நிறுத்திக்கொண்டேன். பின்பக்கம் அனுப்புநர் என்று ஸ்காபரோவையும், முன்பக்கம் செல்வராணியின் பெயரையும் நான் பிறந்த லயத்தின் இலக்கத்தையும் எழுதினேன். எந்த விண்ணப்பத்திலும் என் பெயருக்குக் கீழே நான் எழுதாத இலக்கம் அது. கடிதம் இனி அந்தக் கிளாக்கரின் மேசையில் கிடக்கும். செல்வராணியின் பெயரை அவர் கூப்பிடும்வரை, நான் இங்கே தினமும் கீழே இறங்கி, குட்டிச் சாவியால் வெறும் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.