எண்பத்திரண்டில் நின்ற முள்

இதைக் கேட்டவர்கள் எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். எனக்கு வெயில் மண்டைக்கு ஏறிவிட்டதாம். என் மனைவியும் அதையேதான் சொன்னாள். சொல்லட்டும். நடந்தது நடந்ததுதான். நிமிடக் கணக்கோடு என் லேப்டாப்பில் பதிவாகி இருக்கிறது.

என் பெயர் ஹமூத். ஓமானில் கனரக வண்டிகளின் எஞ்சின் கோளாறைக் கண்டுபிடிப்பது என் தொழில். லேப்டாப்பைச் சொருகி, எந்த சென்சார் பொய் சொல்கிறது என்று பார்ப்பேன். சரி என்று நான் கையெழுத்துப் போட்டால்தான் வண்டி வேலைக்கு இறங்கும். பதினாறு வருடமாக அந்தக் கையெழுத்துதான் எனக்குச் சோறு போடுகிறது.

ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் யாகூப் போன் செய்தான். இப்ரி ஊருக்கு அப்பால் ஒரு கல் குவாரியில் அவன் பட்டறைப் பொறுப்பாளன். ஒன்றாகத் தொழில் படித்தவர்கள் நாங்கள். ஒரே தாம்பாளத்தில் கை வைத்துச் சாப்பிட்டவர்கள். அவனை நம்பாமல் வேறு யாரை நம்புவேன்?

“மச்சான், லோடர்ல சூடு காட்டுற சென்சார் மக்கர் பண்ணுது. புதுசு ஒண்ணு போட்டுரு. அப்படியே வண்டி கம்ப்யூட்டர்ல இருக்குற பழைய பதிவையெல்லாம் சுத்தமா அழிச்சிடு. நாளைக்கு அதிகாரிங்க வர்றாங்க.”

“எப்ப வரட்டும்?”

“மத்தியானம் வா. இடைவேளையில. ஒரு ஈ காக்கா இருக்காது.”

கோடையில் பன்னிரண்டரை முதல் மூன்றரை வரை இங்கே வெட்டவெளியில் யாரையும் வேலை வாங்கக் கூடாது. வாங்கினால் வழக்கு. நான் மட்டும் போகலாமா என்று கேட்காதீர்கள். நண்பன் கூப்பிட்டான், போனேன்.

மணி 12:50. குவாரியில் ஆளே இல்லை. எல்லாரும் குடியிருப்புக்குப் போய்விட்டார்கள். பாறைச் சரிவின் ஓரத்தில் கல் அள்ளும் அந்த லோடர் தனியாக நின்றது. சாவி வண்டியிலேயே இருந்தது. சாவியைத் திருப்பினேன். எஞ்சினைக் கிளப்பவில்லை. லேப்டாப்பைச் சொருகினேன்.

எஞ்சின் சூடு... 82.

இறங்கிப் போய் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தேன். வெறும் வெயில் சூடு. பல நாளாக ஓடாத எஞ்சின் அது. ஐம்பதைத் தாண்டிக் காட்டவே கூடாது.

1:04. பக்கத் தகட்டைத் திறந்தேன். சென்சாரின் வயர் சென்சாரில் இல்லை. அதன் முனையில் கறுப்பு டேப் சுற்றிய ஒரு சின்ன ரெசிஸ்டர் இருந்தது. எனக்கு இந்தத் தில்லுமுல்லு தெரியும். எஞ்சின் கொதித்தாலும் முள் எண்பத்திரண்டிலேயே நிற்கும். வண்டி தானாக அணையாது. வேலை நிற்காது. ஓட்டுகிறவன்தான் ஏமாறுவான்.

“அடப்பாவி...” என்று சொல்லிக்கொண்டே அதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டேன். வயர் சும்மா தொங்கியது. இனி திரையில் மைனஸ் நாற்பது வர வேண்டும். எதுவும் இணைக்காவிட்டால் அப்படித்தான் வரும்.

மேலே ஏறித் திரையைப் பார்த்தேன்.

82.

லேப்டாப் உறைந்துவிட்டது என்று நினைத்தேன். பழைய பதிவைத் திறந்து பார்த்தேன். அது ஒழுங்காகத் திறந்தது. கடைசியாக எஞ்சின் நின்றது ஒன்பது நாள் முன்பு. மதியம் 1:17.

இடைவேளை நேரம்! அழிக்கச் சொன்னது இதைத்தான்.

1:11. ஸ்டியரிங்கில் ஒரு அட்டை தொங்கியது. ‘சென்சார் சரிபார்க்கப்பட்டது. ஹமூத்.’ பத்து நாள் முந்தைய தேதி. நான் அந்தக் குவாரிப் பக்கமே ஒரு வருடமாக வந்ததில்லை. கையெழுத்து அச்சு அசல் என்னுடையது. கடைசி எழுத்தின் வால் மட்டும் மேலே சுழிந்திருந்தது. படிக்கும் காலத்தில் நான் வராத நாட்களில் வருகைப் பதிவேட்டில் எனக்காக யாகூப் போட்ட அதே கையெழுத்து. அன்று அதைப் பார்த்துச் சேர்ந்து சிரித்திருக்கிறோம்.

கூடப் பிறந்தவன் மாதிரி இருந்தவன் என் கழுத்தை அறுத்திருக்கிறான்.

அப்போதுதான் திரை மாறியது.

83.

வயர் வெளியே தொங்கிக்கொண்டுதான் இருந்தது. எஞ்சின் ஓடவில்லை.

91... 97...

ஒரு வாசனை. ரேடியேட்டர் தண்ணீர் கொதித்தால் வரும் தித்திப்பு வாசனை.

104.

கிர்ர்... பின்னால், எஞ்சின் மேல், ரேடியேட்டர் மூடியை யாரோ மெதுவாகத் திருகினார்கள்.

திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

கிர்ர்...

118.

வண்டியில் இருந்த வயர்லெஸ் கரகரத்தது. மூச்சு வாங்கும் ஓர் ஆள் குரல்.

“ஹமூத்... நீங்கதானா?”

மைக்கை எடுத்தேன்.

“ஆமா. நான்தான். யாரு?”

உஸ்ஸ்ஸ்...

அவ்வளவுதான்.

திரையில் மைனஸ் 40. மணி 1:17.

பதிவை அழிக்கவில்லை. நகல் எடுத்து, அட்டையையும் பிடுங்கிக்கொண்டு குடியிருப்புக்கு ஓட்டமாக ஓடினேன். யாகூப் சோற்றுத் தாம்பாளத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

“வா மச்சான், மீன் ஆறிடப் போகுது. அழிச்சிட்டியா?”

அட்டையை அவன் முன்னால் போட்டேன். “என் பேரை ஏன்டா போட்ட?”

“உன் பேருக்குத்தான் மதிப்பு. அதான் போட்டேன்.”

“என்ன நடந்துச்சு? சொல்லு.”

“கத்தாதே. ஜுமான்னு ஒரு டிரைவர். எஞ்சின்ல ஏதோ வாசனை வருதுன்னான். மீட்டர் சரியாத்தானே இருக்குன்னேன். மூடியைத் திறந்துட்டான். தண்ணி மேல பீச்சிடுச்சு. ஆஸ்பத்திரியில இருக்கான், பிழைச்சுக்குவான். யாரும் செத்துடலையே?”

அவன் போன் அடித்தது. காதில் வைத்தான். பிசைந்த சோறு கையிலேயே நின்றுவிட்டது.

நகலையும் ரெசிஸ்டரையும் அன்றே போலீஸில் கொடுத்தேன். அட்டையில் இருப்பது என் கையெழுத்து இல்லை என்று நிரூபிக்க நான் பட்ட பாடு தனிக் கதை.

மூன்றாம் நாள் பஹ்லாவில் ஜுமாவின் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனேன். அவனை நான் பார்த்ததே இல்லை. கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்தேன். அவன் அண்ணன் சுலையம் எனக்குக் காபி ஊற்றிக்கொண்டே பேசினார்.

“நினைவு இருந்த நாளெல்லாம் அவன் ஒரே பேரைத்தான் கேட்டான். ஹமூத், ஹமூத்னு. ‘ஹமூத் பார்த்துட்டான், பயப்படாதே’ன்னு பட்டறையில சொன்னாங்களாம். ‘அந்த ஆளு நெசமாவே பார்த்தானா, கேட்டுச் சொல்லுண்ணே’ம்பான். கடைசி ரெண்டு நாள் நினைவே இல்ல. செவ்வாய்க்கிழமை மத்தியானம் திடீர்னு கண்ணைத் தொறந்தான். சுவரைப் பார்த்து, ‘ஹமூத், நீங்கதானா?’ன்னான்.”

கோப்பையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

“அங்க யாருமே இல்லீங்க. காது கொடுத்துக் கேட்டான். அப்புறம் என்னைப் பார்த்து, ‘நான்தான்னு ஒத்துக்கிட்டாண்ணே’ன்னான். அதோட போயிட்டான். மணி ஒண்ணு பதினேழு.”

அந்த ஆஸ்பத்திரி மஸ்கட்டில் இருக்கிறது. குவாரியிலிருந்து முந்நூறு கிலோமீட்டர்.

எங்கள் ஊரில் கோப்பையை ஆட்டினால், போதும் என்று அர்த்தம். என் கோப்பை தானாக ஆடியது. சுலையம் அதை வாங்கிக்கொண்டார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“கேக்கவே மறந்துட்டேன். உங்க பேரு என்னங்க?”