பொட்டு வைத்த போர்டு

எங்கள் தெருவுக்கு நான்கு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும். எந்த மணிக்கு என்று யாருக்கும் தெரியாது. முதல் பத்து நிமிடம் கலங்கலாக வருவதை வெளியே விட்டுவிட்டு, பிறகுதான் ஹோஸைத் தொட்டிக்குத் திருப்ப வேண்டும். அந்த நேரத்தில் ஆள் இல்லாவிட்டால் நான்கு நாள் போச்சு. மகளுக்கு ஐந்து மாதமானபோது அப்படி ஒருமுறை கோட்டைவிட்டேன். மின்விசிறி சத்தத்தில் அவளைத் தூங்கவைக்கப் போய் நானும் கண்ணசந்துவிட்டேன். கேன் தண்ணீரில் குழந்தைத் துணி அலசிய அந்த நான்கு நாளும், எலக்ட்ரானிக்ஸ் படித்தவள் இதற்கு ஒரு வழி செய்யக்கூடாதா என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

கல்லூரி புராஜெக்டுக்கு வாங்கிய மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒன்று பீரோவில் சான்றிதழ்களுக்கு அடியில் கிடந்தது. உள்ளங்கை அகல நீலப் பலகை. எழுதித் தந்த நான்கு வரிக் கட்டளையை மறக்காமல், சலிக்காமல் செய்யும். அதிலிருந்து இரண்டு கம்பிகளை இழுத்துக் குழாய் வாயில் கட்டினேன். தண்ணீர் வந்து இரண்டையும் சேர்த்து நனைத்தால் போர்டில் இணைத்த பஸ்ஸர் அலறும்.

நன்றாகவே அலறியது. கூடவே மகளும் அலறினாள். தொட்டி நிரம்பும், அவள் தூக்கம் காலியாகும்.

அதைப் பார்த்துக் கணவர் புதிய போர்டு ஒன்றை வரவழைத்தார். அளவில் பழையதில் பாதிகூட இல்லை. வைஃபை உள்ளேயே இருந்தது. சத்தமில்லாமல் கைபேசிக்குச் செய்தி அனுப்பும்.

"அந்தக் கிழட்டு போர்டுக்கு ரிட்டயர்மெண்ட் குடுத்துரும்மா. அது படிச்ச படிப்பு இப்ப செல்லாது" என்றார்.

அதுவும் நானும் ஒரே வருடம்தான் படித்து முடித்தோம் என்பதை அவர் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன், இரண்டு நாள். ஆனாலும் புதியது செய்யும் வேலையைக் குறைசொல்ல முடியவில்லை. நானும் அவரும் மாடிவீட்டு அக்காவும் இருந்த குழுவுக்கு, "தண்ணீர் வந்துவிட்டது" என்று சமர்த்தாகச் செய்தி போட்டது. மகள் தூங்கினாள்.

ஆயுத பூஜை வந்தது. மேலூரிலிருந்து என் மாமியார் முந்தின நாளே வந்துவிட்டார். எங்கள் வீட்டில் உழைக்கிற சாமான் எல்லாவற்றுக்கும் அன்று பொட்டு உண்டு. அடுப்பு, மிக்ஸி, மோட்டார், வைஃபை பெட்டி வரை சந்தனம், குங்குமம் ஏறியது. என் சான்றிதழ்களையும் அவற்றின்மேல் ஓய்வுபெற்ற நீல போர்டையும் சாமிக்கு முன்னால் அடுக்கினோம். அது பொட்டை வயர் செருகும் பெரிய இரும்பு முனையில் அழகாக வாங்கிக்கொண்டது.

"வாசல்ல குழாயப் பாத்துக்கிட்டு இருக்கே, அதுக்கு வைக்கலையாத்தா?" என்றார் மாமியார்.

"கரண்டு ஓடுது அத்தை. அது வேண்டாம்."

"மோட்டார்லயும்தான் கரண்டு ஓடுது. அம்புட்டு வேலை பாக்குது, அத மட்டும் ஒதுக்கி வைக்கலாமா?"

வைத்தால் போர்டுக்கு ஆகாது, வைக்காவிட்டால் சாமிக்கு ஆகாது. துளியூண்டு வைத்தால் இருவருக்குமே தெரியாது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, அதன் சின்ன மூடிமேல் மெல்லத் தொட்டுவைத்தேன். பன்னீரில் கரைத்த சந்தனம். நான் திரும்பியதும் அது நிதானமாக வழிந்து, குழாய்க் கம்பிகள் வந்து சேரும், பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு பின்களை ஒன்றாக நனைத்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஈரம் என்றால் அந்த போர்டைப் பொறுத்தவரை ஒரே அர்த்தம்தான்.

"தண்ணீர் வந்துவிட்டது."

மாடிவீட்டு அக்கா பட்டுச்சேலையோடு, இரண்டு குடத்தோடு இறங்கி வந்தார். குழாயில் காற்றுகூட இல்லை. அவர் மேலே ஏறியதும் மறுபடி செய்தி. இறங்கினார். மூன்றாம் முறை படியில் நின்றபடியே கேட்டார்:

"ஏன் தங்கச்சி, பூஜை நாளும் அதுவுமா என்னைய ஏத்தி எறக்கி வெளையாடுற?"

திருமங்கலத்தில் பட்டறை பூஜையில் இருந்த கணவரும் அழைத்தார். "முப்பது தடவ தண்ணி வந்துருச்சு! இங்க பயலுக, என்ன மாப்ள, வீட்ட வைகைக்குள்ள கட்டிட்டியான்னு கேக்குறாய்ங்க. அத நிப்பாட்டும்மா."

பிளக்கைப் பிடுங்கிப் போர்டைத் துடைத்தேன். பின்களுக்கு இடையே போன சந்தனம் துணிக்கு வரவில்லை. காய்ந்தபிறகு சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அன்று நான்காவது நாள். சாயங்காலம் விருந்தாளிகள் வருகிறார்கள், தொட்டியில் முழங்கால் தண்ணீர்தான் மிச்சம். குழாயடியிலேயே உட்காரலாம் என்றால் மகள் இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாள்.

வீட்டில் வேறு போர்டு இல்லை, சாமிக்கு முன்னால் இருந்ததைத் தவிர. பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக்கூடாது. எடுப்பதா வேண்டாமா என்று பூஜையறைக்குள் மூன்று முறை போய் வந்தேன்.

"என்னத்தா, நடந்து பழகுறியா?" என்றார் மாமியார். சொன்னேன்.

"அடுப்புக்குந்தான் பொட்டு வச்சோம். அதுல இன்னைக்குப் பொங்கல் வைக்கலையா? எடுத்துட்டுப் போ. சாமிக்கும் தண்ணி வேணும்."

பொட்டோடு அப்படியே எடுத்துவந்து மாட்டினேன். அது வைஃபை தேடவில்லை, கடவுச்சொல் கேட்கவில்லை. இத்தனை மாதம் பீரோவில் கிடந்தும், எழுதிக் கொடுத்தது ஒரு வரி மறக்கவில்லை. ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஈரவிரலால் கம்பிகளைத் தொட்டுப் பார்த்தேன். அலறியது. மகளும் அலறினாள். அவளைச் சமாதானப்படுத்திய பத்தாவது நிமிடம் மறுபடி அலறியது. இம்முறை நான் தொடவில்லை.

பழுப்புத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அக்காவுக்குச் செய்தி போட்டேன், பார்க்கவில்லை. அழைத்தேன், எடுக்கவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு மாடியேறிக் கதவைத் தட்டினேன்.

"நெசமாவே வந்துருச்சுக்கா!"

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு கீழிருந்து வந்த பஸ்ஸர் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டார். "அந்தப் பழைய சனியனா கத்துது? அப்ப வந்துருச்சு" என்று குடத்தை எடுத்தார்.

இப்போது சந்தனம் சுரண்டிய புதிய போர்டு எனக்குச் செய்தி அனுப்புகிறது. பழையதும் வேலையில்தான் இருக்கிறது. அதன் பஸ்ஸரை மட்டும் நீளமான வயரில் இழுத்து மாடிப்படித் திருப்பத்தில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். அக்காவுக்குக் கேட்கிறது, மகளுக்குக் கேட்பதில்லை. இடம் சரிதானா என்று சோதிக்க, பதினோரு தடவை கம்பியை நனைத்து அக்காவை வாசலுக்கு வரவழைத்துவிட்டேன்.