எண்ணூரில் ஒரு கடல் பார்த்த பங்களா

அந்தப் பங்களாவின் சுவரை நாக்கால் தொட்டால் உப்புக் கரிக்கும். நானும் சரோஜா அக்காவும் அம்மாவுக்குத் தெரியாமல் நக்கிப் பார்த்திருக்கிறோம். டைபாய்டில் எலும்பும் தோலுமாகி, வெறும் கஞ்சியில் நாள் கடத்திய அக்காவுக்கு அந்தச் சுவர் உப்பே விருந்தாக இருந்தது.

"கடல் காத்து பட்டாத்தான் பொண்ணு தேறுவா, இல்லேன்னா என்னைக் கேக்காதீங்க" என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். ராயபுரத்தில் இல்லாத கடலா என்று கேட்பீர்கள். எங்கள் சந்துக்கு வந்து சேருகிற காற்றில் கடலைவிட ரயில்வே யார்டின் கரிப்புகைதான் அதிகம். ஆகவே அந்தக் கோடை விடுமுறைக்கு எண்ணூரில் வீடு பார்ப்பதென்று முடிவாகி, துறைமுக ஆபீஸ் குமாஸ்தாவான அப்பா ஆயுளில் முதல் தடவையாக நீண்ட லீவு போட்டார்.

எண்ணூர் ஸ்டேஷனில் இறங்கியதுமே, ஒல்லியான மீனவர் ஒருவர் ஒவ்வொருவரிடமும் "கூண்டு ஏறிச்சா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். புயல் வருமென்றால் துறைமுகக் கம்பத்தில் கூண்டு ஏற்றுவார்கள். எண்ணூரிலிருந்து அது கண்ணுக்குத் தெரியாதாகையால், ரயிலில் வருகிறவர்களைக் கேட்டுக்கொண்டுதான் குப்பத்தார் கடலில் இறங்குவார்கள். "நானே ஹார்பர்காரன்தான். மே மாசத்துல ஏதுப்பா புயல்?" என்று சிரித்தார் அப்பா. "அட, ஆர்பரு நைனாவா!" என்று எங்கள் டிரங்குப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்ட அவர்தான் ஆறுமுகம்.

வெள்ளைக்காரத் துரைமார் காற்று வாங்கக் கட்டிய பங்களாக்கள், அவர்கள் கப்பலேறிய பிறகு அங்கே காலியாகக் கிடந்தன. ராயபுரத்தில் ஒரே குழாய்க்காக அத்தனை குடித்தனங்களோடும் மல்லுக்கட்டுகிற எங்கள் அம்மா, எண்ணூர் மண்ணை மிதித்ததும் மகாராணியாகிவிட்டாள். ஒரு வீட்டில் கிணற்றுத் தண்ணீர் சரியில்லை, இன்னொன்றில் வௌவால் நாற்றம், மற்றொன்று உப்பளத்தைப் பார்த்து நிற்பதால் பொண்ணுக்குக் கண் கூசும். கடைசியில் மணல்மேட்டின் கோடியில், அலைக்கு நேர் எதிரே நின்ற பங்களாதான் அவளுக்குப் பிடித்தது. மீன் கொண்டுவந்த ஆறுமுகத்தின் மனைவி குப்பம்மா, "கடலு படுக்கைக்கே வந்துகினு கீது" என்று சிரித்தாள். சிரித்த வாயைச் சட்டென்று மூடிக்கொண்டாள்.

ஒன்று மட்டும் உறுத்தியது. குப்பத்தார் தங்கள் கட்டுமரங்களை எங்கள் வீட்டுக்கு முன்னால் போடாமல், பின்னால் சவுக்குத் தோப்போரமாக ஏற்றி வைத்திருந்தார்கள். கடலுக்கும் அவற்றுக்கும் நடுவில் நாங்கள். அப்பா கேட்டதற்கு, "அலை ஒரு மாரி கீது நைனா. சரியானா எறக்கிடுவோம்" என்றார் ஆறுமுகம். அதைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஊருக்கே போய்விடலாம் என்று பெட்டியைக் கட்டிவிட்டாள். ஆனால் அக்காவோ அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி நடக்க ஆரம்பித்திருந்தாள். மறுபடியும் அந்தக் கரிப்புகைக்குள் அவளை எப்படிக் கொண்டுபோவது?

ஒரு காலையில் காற்று அடியோடு நின்றது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் கிடந்தது. தோப்பில் ஒரு காக்கை இல்லை. குப்பத்து ஆண்கள் கட்டுமரங்களருகே கூடி நின்று வானத்தைப் பார்த்தார்கள். பிறகு எங்கள் வீட்டைப் பார்த்தார்கள். வராந்தாவில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் சாய்வு நாற்காலியில் அக்கா. வெகுநேரம் பார்த்தார்கள். பிறகு கட்டுமரங்களை எங்கள் வீட்டைத் தாண்டி இழுத்துக்கொண்டு போய்க் கடலில் இறக்கினார்கள். "பாத்தியா, எறக்கிட்டாங்க! இனிமே பயமில்லை. பெட்டியப் பிரி" என்றார் அப்பா.

மத்தியானம் வானம் கறுத்தது. அடித்த காற்றில் ஜன்னல் கதவு பெயர்ந்து அக்காவின் கட்டில்மேல் விழுந்தது, அதன் பின்னாலேயே தண்ணீர் உள்ளே வந்தது. அம்மா போட்ட கூச்சல் அம்மாவுக்கே கேட்டிருக்காது. எங்கிருந்தோ ஓடிவந்த குப்பம்மா, அக்காவைத் துணிமூட்டைபோல் தோளில் போட்டுக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். நாங்கள் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தோம்.

"நேத்தே கூண்டு ஏத்திட்டாங்களே சார், உங்களுக்குத் தெரியாதா?" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

அக்காவுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்த குப்பம்மாவின் கை நின்றது. "நீ வந்தப்புறம் எங்காளுங்க டேசனுக்கே வர்றதில்ல நைனா. ஆர்பரு நைனாவே நோவுகண்ட பொண்ண வச்சிகினு அங்க குந்திகினு கீறாரு, கூண்டு ஏறியிருந்தா இருப்பாரான்னுதான் இன்னிக்கு எறக்குச்சுங்க" என்றாள்.

"நீங்க எறக்கினதைப் பாத்துதாம்மா நாங்க..." என்றார் அப்பா.

ஆறுமுகம் திரும்பவில்லை.

அக்கா பிழைத்தாள். அப்பா அதற்குப் பிறகு லீவே போடவில்லை. ரிடையரான பின்பும், விடிந்ததும் நடந்துபோய்த் துறைமுகக் கம்பத்தைப் பார்த்துவிட்டு வந்துதான் காப்பி குடிப்பார். அந்தப் பங்களாவும் இல்லை, அது நின்ற மணல்மேடும் இல்லை. கடல் தின்றது போக மிச்சத்தில் அனல்மின் நிலையத்தின் குழாய்கள் ஓடுகின்றன, அதன் சாம்பல் பறக்கிறது. காற்று வாங்க எண்ணூருக்குப் போனோம் என்றால் இன்று யாரும் நம்பமாட்டார்கள்.

போன வாரம் என் மகள், விடுமுறைக்குத் தங்க ரூம் பிடித்துவிட்டதாகப் படம் காட்டினாள். ஜன்னல் நிறையக் கடல். நல்ல வார்த்தை சொல்லத்தான் நினைத்தேன். "கூண்டு ஏறிச்சா?" என்று வாயில் வந்துவிட்டது.

"மே மாசத்துல ஏதும்மா புயல்?" என்று சிரித்தாள், அவள் தாத்தாவைப் போலவே.