மாணிக்கம் அண்ணனின் கால், என் சாட்சிக் கையெழுத்து

முப்பத்தொரு வருட நர்ஸ் வேலையில் என் ஃபைலில் ஒரே ஒரு எச்சரிக்கைக் கடிதம்தான் இருக்கிறது. யாரும் என்மேல் புகார் கொடுக்கவில்லை. என் தவறை நானே எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டது. புதிதாக வரும் பிள்ளைகள், "சிஸ்டர், உங்களுக்கு என்ன கிறுக்கா?" என்று கேட்பார்கள். இது அவர்களுக்கு என் பதில்.

அப்போது நான் பினாங்கில் ஒரு மருத்துவமனையின் ஆண்கள் சர்ஜிக்கல் வார்டில் இருந்தேன். தாசேக் கெலுகோரிலிருந்து மாணிக்கம் அண்ணன் வந்து சேர்ந்தார். லாரி டிரைவர், ஐம்பத்தாறு வயது, பல வருடமாக இனிப்பு நீர், அதுதான் சர்க்கரை வியாதி. இடது பாதம் கறுத்து அழுகத் தொடங்கியிருந்தது, காய்ச்சல் வேறு. அந்த நிலையிலும் மனிதருக்கு வாய் ஓயாது. ஊசியோடு போனால், "மெதுவா லா மிஸ்ஸி, நான் என்ன மெத்தையா, இந்தத் தை தைக்கிற?" என்பார். வார்டில் அவரைப் பிடிக்காத ஆளே கிடையாது.

மகள் கவிதா பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். வேலை முடிந்ததும் நேராக அப்பாவிடம் வந்துவிடுவாள். முந்தின வருடம்தான் அம்மாவைப் பறிகொடுத்திருந்தாள். பாதத்தை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் விஷம் மேலே ஏறி உயிருக்கே ஆபத்து என்று சொல்ல பயிற்சி டாக்டரான ஹவுஸ்மேன் வந்தபோது, அந்த டாக்டரை வராந்தாவுக்கு அழைத்துக்கொண்டு போய் அங்கேயே பேசி முடித்துவிட்டாள்.

பிறகு கவுண்டருக்கு வந்து என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, அப்பாகிட்ட நானே பக்குவமா சொல்லிட்டேன். காய்ச்சல்ல கை நடுங்குது அவருக்கு. நானே சைன் போட்டுடறேன்."

போட்டாள். ஹவுஸ்மேனும் சரி என்றுவிட்டார். கன்சென்ட் பாரத்தில், அதாவது சம்மதப் படிவத்தில், சாட்சி என்ற இடத்தில் நான் என் பெயரை எழுதினேன். மாணிக்கம் அண்ணனின் கட்டில் பத்தடி தூரம். எழுந்து போய் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போகவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து மனசு இளகிவிட்டது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஆபரேஷன் லிஸ்டில் அவர்தான் முதல் ஆள். தியேட்டர் கவுனை மாட்டி விட்டு, அவர் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"மிஸ்ஸி, கழுவி கட்டுப் போட்டா திங்கக்கிழமை லாரி எடுக்கலாம்தானே? ஈப்போவுக்கு ஒரு லோட் இருக்கு. பாஸ்கிட்ட சொல்லிட்டேன்."

மோதிரத்தை விட்டுவிட்டு நிமிர்ந்தேன். "கழுவுறதுன்னு யாருண்ணே சொன்னா?"

"கவிதாதான். ஏன், நீ எதுக்கு இப்படி முழிக்கிற?"

வாசலில் டிராலி நிற்கிறது. வாயை மூடிக்கொண்டு ஏற்றி அனுப்பியிருந்தால் என்னை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பாரத்தில் எல்லாக் கட்டமும் நிரம்பித்தான் இருந்தது. ஆனால் புத்தி தெளிவாக இருக்கிற மனிதரின் உடம்பில் கத்தி வைக்க, சம்மதம் சொல்ல வேண்டியவர் அவர் ஒருவர்தான். பெற்ற மகளானாலும் அவருக்குப் பதிலாகச் சொல்ல முடியாது. மீறி வெட்டினால் சட்டப்படி அது தாக்குதல். அதற்கு நான் கையெழுத்துப் போட்ட சாட்சி! டிராலியைத் திருப்பி அனுப்பிவிட்டு சர்ஜனுக்குப் போன் செய்தேன்.

சீனர், மகா கோபக்காரர். விறுவிறுவென்று வந்து பாரத்தைத் தட்டிக் காட்டி, "நீங்கள் எதைப் பார்த்தீர்கள், சிஸ்டர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஒன்றும் பார்க்கவில்லை, டாக்டர்" என்றேன். அவமானத்தில் காது சுட்டது.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அண்ணனிடமே எல்லாவற்றையும் மலாயில் விளக்கினார். அதற்குள் ஓடி வந்த கவிதா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க? தெரிஞ்சா ஒத்துக்க மாட்டாரு. அம்மா போன மாதிரி இவரும் போயிடுவாரு!"

அண்ணன் தன் இடது பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. அது தெரிந்ததால்தான் எனக்கு உயிரே போய்விட்டது. நான் நிறுத்தியதால் இவர் செத்துப்போனால்?

கடைசியில் மகளைப் பார்த்தார்.

"காலைக் கேட்டா நான் குடுத்திருப்பேனேம்மா. உன்னை விட்டுட்டு நான் எங்க போகப் போறேன்?"

கவிதா அவர் தோளில் விழுந்து அழுதாள். நானும் அழுதேன், அதை மறைப்பானேன். அவர் சர்ஜன் பக்கம் திரும்பி, இடது கால்தானே, ஆட்டோ கியர் கெரேத்தா, கார்தான், ஓட்டலாமா என்று மலாயில் கேட்டார். பிற்பாடு ஓட்டலாம் என்றார் சர்ஜன். "அப்ப கொண்டா பாரத்தை!" என்று அண்ணன் என் பக்கம் கையை நீட்டினார்.

பழைய பாரத்தை நான் கிழிக்கவில்லை. ஒரே கோடு போட்டு ரத்து செய்து, காரணத்தையும் நேரத்தையும் எழுதி ஃபைலிலேயே வைத்தேன். அன்று மத்தியானமே மேட்ரனிடம் இன்சிடென்ட் ரிப்போர்ட் கொடுத்து, வாங்கிக் கட்டிக்கொண்டேன். நீங்களும் கிழிக்காதீர்கள், பிள்ளைகளே, மை வைத்தும் மறைக்காதீர்கள். நோயாளியின் வீட்டாருக்காக மனசு இளகட்டும், தப்பில்லை. ஆனால் நோயாளியின் வாயால் கேட்காமல் சாட்சி போடாதீர்கள்.

புது பாரத்தில் அண்ணன் நடுங்கும் கையால் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை என்னிடம் நீட்டினார். எனக்குக் கை வரவில்லை.

"வேற நர்ஸைப் போடச் சொல்றேண்ணே."

"எதுக்கு? அப்ப பாக்காம போட்ட. இப்ப பக்கத்துல நின்னு அழுதுகிட்டே பாத்த. போடு லா, மிஸ்ஸி."