மீன் வாடை பழகிய வருஷம்

என் வீட்டுக்காரருக்கு மூக்குப்பொடிப் பழக்கம். கல்கத்தாவில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தார். அவருடைய கைக்குட்டையைத் துவைப்பது என் தலையில் விழுந்த வேலை. அதைத் தண்ணீரில் போட்டதும் பழுப்பாக ஒன்று இழை இழையாகப் பிரிந்து மிதக்கும். இன்றைக்கு நினைத்தாலும் குமட்டுகிறது.

அவருடைய ஆபீஸ் துரை வருஷப் பிறப்புக்கு வருஷப் பிறப்பு ஏதாவது ஒரு லட்சியம் வைத்துக்கொள்வாராம். இவருக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டது. ஆனால் ஜனவரி அவர்கள் வருஷம், நமக்கு ஆகாது. ஆகவே சித்திரை முதல் தேதி, வேப்பம்பூப் பச்சடியை நக்கிக்கொண்டே, "இன்னிலேர்ந்து பொடியை விட்டாச்சு" என்று அறிவிப்பார். மறுநாள் டாலிகஞ்ச் டிராமிலிருந்து இறங்கி வரும்போதே விரல் இடுக்கில் பொடி இருக்கும்.

ஒரு சித்திரையில் என்னையும் பிடித்துக்கொண்டார். "நீயும் ஏதாவது வச்சுக்கோயேன். ஆனா எட்டற உயரத்துல வச்சுக்கணும், துரை அப்படித்தான் சொல்றார்."

"அடுத்த வருஷப் பிறப்புக்குள்ள, பக்கத்தாத்து அடுக்களையில மீன் பொரியறச்சே மூக்கைப் பொத்தாம உட்காரணும்" என்றேன்.

அவருக்குப் புரையேறிவிட்டது. "உட்காரு, உட்காரு. ஆனா திரும்பி வந்தா தலைக்கு ஸ்நானம் பண்ணிட்டுத்தான் அடுப்பண்டை போகணும், ஞாபகம் இருக்கட்டும்!"

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். அவள் புருஷனுக்கு ஹவுராவில் ரயில் பட்டறையில் வேலை. நான் அவளை தீதி, அதாவது அக்கா, என்பேன், அவளும் என்னை தீதி என்பாள். யார் மூத்தவள் என்று நாங்கள் பார்த்துக்கொள்ளவில்லை. அந்த ஊரில் நான் வாய்விட்டுப் பேச அவளைத் தவிர ஆள் கிடையாது. என் ஓட்டை வங்காளம்கூட அவள் கொடுத்ததுதான்.

ஒரு நாள் அவள் கிட்டே வந்ததும் என் கை தானாகப் புடவைத் தலைப்பை மூக்குக்குக் கொண்டுபோய்விட்டது. "நான் நாறுகிறேனா, தீதி?" என்று கேட்டுச் சிரித்தாள். அதற்குப் பிறகு எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்த்துக் கழுவிக்கொள்ளாமல் அவள் எங்கள் பக்கம் வந்ததே இல்லை. விரல் நுனியெல்லாம் சிவந்து, தோல் உரிந்திருக்கும். இப்படியே போனால் ஒரு நாள் வராமலே இருந்துவிடுவாள் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

மீன் வாடை சாமானியப்பட்டதல்ல. கடுகெண்ணெய் புகைந்து, அதில் மீன் விழுந்ததும் எழும்புமே, அது தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சந்து முனையில் மீன் விற்பவர்கள் அரிவாள்மணையை வைத்து நறுக்கிக்கொண்டிருப்பார்கள். கழுவிவிட்ட தண்ணீர் வாசல் வரைக்கும் ஓடிவரும். ஒரு தடவை என் குதிகாலில் செதில் ஒன்று ஒட்டிக்கொண்டு அடுக்களை வரை வந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கு நான் சாப்பிடவே இல்லை.

ஆனாலும் விடவில்லை. முதலில் வாடை வரும் நேரத்துக்கு எங்கள் ஜன்னலைச் சாத்தாமல் இருந்தேன். பிறகு அவர்கள் முற்றத்தில் போய் நின்றேன். மழைக்காலம் முடிவதற்குள் அடுக்களை நிலைப்படி வரை முன்னேறிவிட்டேன். நடுவில் ஒரு நாள் அவர்கள் முற்றத்திலேயே வாந்தி எடுத்து மானம் போயிற்று. அவளே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, "போதும் தீதி, நான் அந்தப் பக்கம் வருகிறேனே" என்றாள். நான் கேட்கவில்லை.

தை மாதத்தில் நடந்தது அது. மீன் சடசடவென்று பொரிகிறது, நான் அவளுக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்திருக்கிறேன், இரண்டு கையும் மடியில். அவளுக்கு மீன் தலை என்றால் உயிர். வாணலியில் அதைத் திருப்பிப் போட்டவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு இடது கையால் என் மூக்கைப் பிடித்து ஆட்டினாள். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

மாசியில் அவள் புருஷன் வாந்திபேதியில் போய்விட்டான். காலையில் பட்டறைக்குப் போனவனை ராத்திரி தூக்கிக்கொண்டு போனார்கள்.

காரியமெல்லாம் முடிந்தபிறகு பார்க்கப் போனேன். வெள்ளைப் புடவை. சங்கு வளையலை உடைத்திருந்தார்கள். வங்காளிகளில் புருஷன் போனவள் மீனைத் தொடக்கூடாது. ஆகவே மாடிப்படிக்கு அடியில் தனியாக ஒரு அடுப்பு, பச்சரிசியும் வாழைக்காயும் வெந்துகொண்டிருந்தன. எங்கள் ஜாதியில் தலையையே சிரைத்துவிடுவார்கள், அதனால் அவர்களைச் சொல்ல எங்களுக்கு வாய் கிடையாது. இரண்டும் அருவருப்புதான்.

பெரிய அடுக்களையில் அவளுடைய ஓரகத்திகள் மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள். வாடை வந்தது. நான் மூக்கைப் பொத்தவில்லை. அவள் பொத்திக்கொண்டாள். "வாயில் எச்சில் ஊறுகிறது தீதி, அதுகூடப் பாவமாம்" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கழுவ வேண்டிய அவசியமில்லாததால் விரல் நுனித் தோல் ஆறிப்போயிருந்தது.

மறுபடியும் சித்திரை பிறந்தது. இலையில் வேப்பம்பூப் பச்சடி. வீட்டுக்காரர் உற்சாகமாக இருந்தார், பொடியை விட்டுவிட்டதாக அறிவித்தாகிவிட்டது.

"இனிமே நீ பக்கத்தாத்துக்குத் தாராளமாப் போகலாம்" என்றார். "திரும்பி வந்து ஸ்நானம்கூட வேண்டாம். அவளும் இப்போ நம்மளவா மாதிரிதானே, மீன் வாடையே கிடையாது. பாரேன், நீ வச்சுண்ட லட்சியத்துக்கு அவசியமே இல்லாம பகவானே நடத்திக் கொடுத்துட்டார்!"

பேசிவிட்டு சாதத்தைப் பிசைந்தார். மீன் செதில் காலில் ஒட்டியபோதுகூட எனக்கு இவ்வளவு அருவருப்பு வந்ததில்லை.

"சரி, இந்த வருஷம் என்ன வச்சுண்டிருக்கே?"

"உங்களுக்குப் பரிமாறறச்சே மூக்கைப் பொத்திக்காம இருக்கணும்" என்றேன். "கஷ்டம்தான். கொஞ்சம் கொஞ்சமாப் பழகிக்கறேன்."

அவர் கை நின்றது. "பொடியைச் சொல்றியா? அதான் விட்டுட்டேனே."

"பொடியைச் சொல்லலை" என்று சொல்லி ரசத்தை விட்டேன்.