மலை ஆஸ்பத்திரிக்குச் சோலார் வைக்கப் போனேன்

காலை ஆறரை மணிக்குக் கச்சிராயபாளையத்தில் பஸ் ஏறினேன். கல்வராயன் மலைமேல் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரி மாடியில் என் மகள் செல்வி சோலார் தகடு மாட்டியிருக்கிறாள். அரசாங்கத்தில் அவளுக்கு இதுதான் முதல் வேலை. பகல் பன்னிரண்டுக்கு இன்ஜினியர் வந்து பார்த்துச் சரி என்றால், மலையில் இன்னும் ஏழு ஆஸ்பத்திரி வேலையும் அவளுக்கே. இல்லையென்றால் வேறு ஆளுக்குப் போய்விடும். பெரியவர்கள் இல்லாமல் நல்ல காரியம் நடக்குமா? அவள் கூப்பிடாமலே கிளம்பினேன்.

கண்டக்டரிடம் நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன்.

"பொம்பளைங்களுக்கு ஃப்ரீ ஆயா, உள்ள வை."

"நாலு ஏக்கர் கரும்பு போட்டவ நான். சும்மா வருவனா? டிக்கெட்டு குடு."

"நாப்பது ஏக்கர் போட்டாலும் துட்டு வாங்க மாட்டேன். ஒக்காரு."

மலை ஏறி முடியும்வரை தாளைக் கையிலேயே பிடித்திருந்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் போய் நிற்கும் வெள்ளிமலை இருபத்தைந்து கிலோமீட்டர் என்றார்கள். என் இடுப்புக் கணக்கில் ஐம்பது. அங்கிருந்து ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். ஆட்டோக்காரர் மரியாதையாக வாங்கிக்கொண்டார்.

ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரி. மாடியில் எட்டுத் தகடு, நீலமாக, கண்ணாடி போல. மருந்து வாங்க வந்த சனமெல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. எங்கள் வீட்டில் புது டிராக்டர் வந்தால், எலுமிச்சம்பழம் நசுக்கும்வரை துணி போட்டு மூடித்தான் வைப்போம். செல்வி இன்ஜினியரை அழைத்துவரப் போயிருந்தாள். நர்ஸம்மாவிடம் எட்டு பெட்ஷீட் கேட்டு வாங்கி, ஒவ்வொரு தகட்டையும் மூடி, நாலு முனையும் இழுத்துக் கட்டினேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. அவசரப்பட்டால் சுருக்கம் விழும்.

பன்னிரண்டுக்குச் செல்வியோடு இன்ஜினியர் வந்தார், மாடியை அண்ணாந்து பார்க்காமல் இருவரும் நேரே உள்ளே போனார்கள். கீழே ஒரு பெட்டியில், எவ்வளவு கரண்டு வருகிறதென்று எண் ஓடுமாம். அது பூஜ்யத்திலேயே நின்றது. செல்வி ஒயரைக் கழற்றினாள், மாட்டினாள், பெட்டியைத் தட்டினாள். பூஜ்யம். இன்ஜினியர் பேனாவைத் திறந்தார்.

"பூசை போடாம எப்டிங்க வரும்?" என்றேன். "மொதல்ல பழத்த நசுக்குங்க. நான் போயி துணிய எடுக்கறேன்."

"இன்னா துணி?" என்றாள் செல்வி.

சொன்னேன்.

"யம்மா! வெயில்ல ஓடற சாமானுக்குப் போய் போர்வ போத்திக்கிற!"

"கண்ணு பட்டா இன்னாடி பண்ணுவ?"

நர்ஸம்மா தலையில் கைவைத்தார். இன்ஜினியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பழம் இருக்குதாம்மா?" என்றார். மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாசலில் அவரே நசுக்கினார். நான் மேலே ஒவ்வொரு பெட்ஷீட்டாக அவிழ்க்க அவிழ்க்க, கீழே செல்வி எண்ணைக் கத்திச் சொன்னாள், ஏறிக்கொண்டே போனது. எட்டாவதை எடுத்தபோது அவள் தொண்டை கட்டிவிட்டது.

"மூடினா நிக்குது, தொறந்தா ஓடுது. இதுக்கு மேல இன்னா டெஸ்ட்டு?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார் இன்ஜினியர். ஏழும் செல்விக்கே.

நாலு மணி பஸ்ஸில் இருவரும் ஊர் திரும்பினோம். எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் எதிர்வீட்டுக்காரி, "எங்க போய்க்கினு வரீங்க ரெண்டு பேரும்?" என்றாள்.

நம் ஊரில் சூரியன் தானாகவே வந்துவிடுகிறது. மலையில் அப்படியில்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"எம் பொண்ணு ஆஸ்பத்திரிக்கு சோலார் வச்சா," என்றேன். "சூரியனத் தொறந்து வுட்டது நானு."