மணி அண்ணன் படித்த கடிதம்

கெலுகோர் மணி அண்ணன் இன்று காலை இறந்துவிட்டார். அவர் மகள் போன் செய்து சொன்னார்.

யுனிவர்சிட்டி கேட்டுக்கு எதிரே ஃபோட்டோஸ்டேட் கடை வைத்திருந்தவர்... எழுபதுகளின் கடைசியிலிருந்து தொண்ணூறுகள் வரை அங்கே படித்தவர்களுக்கு நினைவிருக்கும்.

நான் அப்போது சமூகவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இந்தப் பதிவை எழுதலாமா வேண்டாமா என்று மத்தியானம் முழுவதும் யோசித்தேன்.

மாக் மண்டின் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு, அதை விட்டுக் கடை போட்டவர் மணி அண்ணன். மெஷின் ஓடும்போது சும்மா நிற்க மாட்டார். வெளியே வருகிற ஒவ்வொரு பக்கத்தையும் படிப்பார்.

அதனால் எங்கள் துறை எந்தப் பக்கம் போகிறது என்பது எங்களுக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். "இப்பல்லாம் யாரும் கிளாஸ், லேபர்னு கொண்டு வர்றதில்ல சார். எல்லாம் ஐடென்டிட்டி, ரிச்சுவல்தான் லா" என்று, எங்கள் ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் அந்த 'லா'வோடு, எண்பதுகளின் நடுவில் ஒருநாள் சொன்னார்.

அடுத்த ஆண்டு நாங்கள் பாடத்திட்டத்தை மாற்றினோம்.

நான் எழுதியதில் நாலு பேர் படித்தது ஒரே ஒரு கட்டுரைதான். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையில் போடுகிற தண்ணீர்ப் பந்தல்களைப் பற்றியது.

ஒரு பந்தல் விடாமல் நடந்து, பேனரில் இருந்த பெயர்களையெல்லாம் நோட்டில் எழுதி, வகை பிரித்தேன். பெரும்பாலும் தொழிற்சாலைப் பெயர்கள். ஆகவே சொந்தபந்தமும் அண்டைவீடும் சேர்த்து வைத்திருந்த கூட்டம் கலைந்துவிட்டது, இனி வேலையிடம்தான் மக்களைச் சேர்க்கிறது என்று முடித்தேன்.

கிளாஸ், லேபர் பேச்சு ஓங்கியிருந்த காலம் அது, அப்போது துறையில் பலரும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். கட்டுரைக்கு நல்ல பெயர் கிடைத்தது... அதை வைத்துத்தான் எனக்கு வேலை நிரந்தரமானது.

ஒரு சாயங்காலம் அதைப் பிரதி எடுக்கக் கொண்டு போனேன். நாலு பக்கம் ஓடியதும் மணி அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டார்.

"சார், பந்தல்ல நின்னவங்ககிட்ட பேசினீங்களா?"

இல்லை என்றேன். வெயிலில் ஓடியாடி வேலை செய்கிறவர்களை நிறுத்திக் கேள்வி கேட்க எனக்குக் கூச்சம். பேனரிடம் கூச்சப்பட வேண்டியதில்லை.

"பேனரு கம்பெனி குடுத்தது சார். கரண்டி புடிச்சது எங்க சித்தப்பா வீட்டு ஆளுங்க. எங்கப்பா காலத்திலேருந்து அதே ஆளுங்கதான் லா."

அடுத்த தைப்பூசத்துக்கு என்னைத் தங்கள் பந்தலுக்குக் கூப்பிட்டார். காலையிலிருந்து கண்ணாடித் தம்ளர்களில் சிராப் சர்பத் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் நின்ற ஓர் அக்கா, "நெறைய ஊத்துங்க சார், மார்க்கு போடற மாதிரி கொஞ்சங்கொஞ்சமா ஊத்தறீங்க" என்றார்.

தலைக்கு மேலே தொழிற்சாலையின் பேனர். கீழே நின்றவர்களில் அங்கே வேலை பார்த்தவர் ஒரே ஒருவர். மற்றவர்கள் சித்தப்பா, மாமா, மச்சான், பழைய லைன் வீடுகளில் அடுத்தடுத்து இருந்தவர்கள்...

பிந்திய ஆண்டுகளில் மற்ற பந்தல்களிலும் தயங்கித் தயங்கிக் கேட்டேன். பெரும்பாலும் இதே கதைதான்.

ஆனால் கட்டுரை அதற்குள் என் கையை விட்டுப் போயிருந்தது. புதிதாக வந்த கட்டுரைகளின் அடிக்குறிப்புகளில் என் பெயர் வர ஆரம்பித்தது. துறையில் பேச்சு மாறிய பிறகும் வேலையிடம்தான் மக்களைச் சேர்க்கிறது என்ற அந்த ஒரு வரி மட்டும் மாறாமல் வந்துகொண்டிருந்தது.

மணி அண்ணன் அந்தப் பக்கத்தை மெஷினிலிருந்து எடுத்து, மற்றவர்கள் பார்க்காதபடி மேசையில் என் பக்கம் தள்ளுவார். "சார்... மறுபடியும் வந்துருச்சு."

கடைசியில் ஆய்விதழின் ஆசிரியருக்கு ஒரு திருத்தக் கடிதம் எழுதினேன். எனக்கென்று ஒரு பிரதி வேண்டும் என்று மணி அண்ணன் கடைக்கே கொண்டு போனேன்.

நின்றபடியே முழுவதும் படித்தார். "உள்ளூர்க்காரர் ஒருவர் சுட்டிக்காட்டினார்" என்றுதான் அதில் எழுதியிருந்தேன், அவர் பெயரைப் போடவில்லை. "நல்லா இருக்கு சார்" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கடிதத்தை நான் அனுப்பவில்லை.

பதவி உயர்வுக்கான இன்டர்வியூ நெருங்கிக்கொண்டிருந்தது. அது முடியட்டும் என்று மேசை டிராயரில் வைத்தேன். முடிந்தது... கடிதம் டிராயரிலேயே இருந்தது.

ஒரு மாதம் கழித்து மணி அண்ணன் விசாரித்தார். அனுப்பிவிட்டேன் என்று சொன்னேன்.

அவர் நம்பினார். என் கட்டுரையைப் பிரதி எடுக்க வந்த பிள்ளைகளிடமெல்லாம், "கடைசிப் பகுதிய அப்படியே எடுத்துக்காதீங்க, சார் திருத்தி எழுதிட்டாரு, சீக்கிரம் வந்துரும்" என்று சொல்லியிருக்கிறார். ஒரு மாணவி என் அறைக்கு வந்து, திருத்தம் எந்த இதழில் வருகிறது என்று கேட்டபோதுதான் எனக்கு அது தெரிந்தது.

வரும் என்றேன்... அந்த மாணவியின் முகத்தைப் பார்க்கவில்லை.

எப்போதிலிருந்து என்று தெரியாது, மணி அண்ணன் பிள்ளைகளிடம் அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டார். என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. கடைக்குப் போனால் "வாங்க சார்" என்பார், பக்கங்களை ஓரம் தட்டி அடுக்கிக் கொடுப்பார். ஆனால் ஒரு பக்கத்தைக்கூட அதற்குப் பிறகு என் பக்கம் தள்ளியதில்லை.

நானும் ஓய்வு பெற்றேன். வீடு மாறியபோது அந்தக் கடிதமும் பிரதியும் போய்விட்டன. அந்தத் திருத்தத்தை நினைவிலிருந்து இங்கே எழுதுகிறேன்.

தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல்களைப் பற்றிய என் கட்டுரையின் முடிவு தவறு. நான் பேனர்களைப் படித்தேன், பந்தலில் நின்றவர்களைக் கேட்கவில்லை. அவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்களும் பழைய அண்டைவீட்டாரும்தான். இதை எனக்குக் காட்டியவர் கெலுகோரில் ஃபோட்டோஸ்டேட் கடை வைத்திருந்த மாசிலாமணி.

என் பழைய மாணவர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். அந்தக் கட்டுரையை எங்காவது எடுத்தாண்டிருந்தால், இதையும் பக்கத்தில் எழுதி வைத்துவிடுங்கள்.

நாளைக் காலையில் வீட்டிலிருந்து எடுக்கிறார்கள். நேரத்தோடு வந்துவிடுகிறேன், அண்ணே.